கிரேக்கத் தீவுகளில் குடும்பத்தோடு பாய்மரப் படகுப் பயணம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

குழந்தைகளோடு கிரேக்கத்தில் ஒரு வாரம் படகில் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் சாண்டோரினி, மைகோனோஸ் என்று தீவின் பெயரில்தான் ஆரம்பிக்கிறார்கள். தீவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கடலைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு தீவுக் கூட்டத்துக்கும் காற்று வேறு, அலை வேறு, ஒரு துறைமுகத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் வேறு. வீட்டிலேயே சின்னக் குழந்தை எதைத் தாங்குமோ அதை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும், இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது அதுதான்.

சாண்டோரினியும் மைகோனோஸும் இருப்பது ஏஜியன் கடலின் நடுவில், சைக்ளேட்ஸ் தீவுக் கூட்டத்தில். அங்கே கோடையில் மெல்டெமி என்கிற வடக்குக் காற்று வீசும். பால்கன் பக்கம் காற்றழுத்தம் கூடுதலாகவும், துருக்கி நிலப்பரப்பு சூடேறி அங்கே அழுத்தம் குறைவாகவும் இருக்கும்போது, நடுவிலிருக்கிற ஏஜியன் வழியாகப் பாய்ந்து வருகிற காற்று இது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் உச்சம். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, வெயில் பளிச்சென்று இருக்கும், ஆனால் 25, 30 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்) நாள்கணக்கில் நிற்காமல் அடிக்கும், சில சமயம் அதற்கு மேலும் போகும். கைதேர்ந்தவர்களுக்கு அது கொண்டாட்டம். ஆறு வயதுக் குழந்தைக்கு வாந்தியும் அழுகையும்தான். துறைமுகத்தை விட்டு வெளியே வர முடியாமல் இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் கட்டிக்கிடக்க நேரிடும், அதைவிட மோசம், சனிக்கிழமை படகைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டுமே என்று அந்தக் காற்றுக்கு எதிரே வடக்கு நோக்கி ஏதென்ஸுக்கு முட்டி மோதிக்கொண்டு வருவது. போதாததற்கு சாண்டோரினியின் எரிமலைப் பள்ளம் நங்கூரம் போட முடியாத அளவுக்கு ஆழம். சாண்டோரினி பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஃபெர்ரியில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நன்றாகவே இருக்கும்.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது இரண்டே இடங்கள்: சரோனிக் வளைகுடா, இல்லையென்றால் அயோனியன் கடல்.

சரோனிக் என்பது ஏதென்ஸுக்குத் தெற்கே எகினா, போரோஸ், ஹைட்ரா, ஸ்பெட்செஸ் தீவுகள் இருக்கிற பகுதி. ஏதென்ஸில் விமானம் இறங்கி டாக்ஸி பிடித்து நேராக அலிமோஸ் மரினாவுக்கு, அதாவது வாடகைப் படகுகள் நிற்கிற துறைக்குப் போய்விடலாம், இன்னொரு விமானம் ஏற வேண்டியதில்லை. அங்கிருந்து எகினா ஏறக்குறைய 17 கடல் மைல், அதன் பிறகு வருகிற தூரங்கள் பெரும்பாலும் 10 முதல் 15 மைல். மெல்டெமி இங்கேயும் எட்டிப் பார்க்கும், ஆனால் நிலம் தடுப்பதால் கொஞ்சம் அடங்கித்தான் வரும். அயோனியன் இருப்பது நாட்டின் மேற்குக் கரையில்: லெஃப்கடா, மெகனிசி, இதாகா, கெஃபலோனியா. மெல்டெமி அங்கே வருவதில்லை. காலையில் காற்றே இருக்காது, மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து மைஸ்ட்ரோ எழும்பும், நல்ல பாய்க்காற்று, சூரியன் சாய்ந்ததும் அடங்கிவிடும். தீவுகள் ஒன்றையொன்று மறைத்து நிற்பதால் பெரிய அலையும் எழாது. எட்டு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் நான் யோசிக்காமல் அயோனியன் என்றுதான் சொல்வேன். பிரெவெசாவுக்குப் பக்கத்திலிருக்கிற அக்டியோன் விமான நிலையம் வரை போக வேண்டும், அல்லது ஏதென்ஸிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும், அந்த அலைச்சல் மட்டும்தான் குறை.

எப்போது போவது? ஜூன் அல்லது செப்டம்பர். மே மாதத்தில் மலைகள் பச்சையாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் கடல் தண்ணீர் இன்னும் குளிர்ந்தே இருக்கும், குழந்தைகள் ஐந்து நிமிடத்தில் நடுங்கிக்கொண்டு மேலே ஏறிவிடுவார்கள். செப்டம்பரில் தண்ணீர் வெதுவெதுப்பு, துறைமுகங்களில் நெரிசலும் குறைந்திருக்கும். மாதத்தின் பிற்பாதியில் மட்டும் அயோனியன் பக்கம் வானிலையில் ஒரு கண் இருக்கட்டும், 2020 செப்டம்பரில் இயானோஸ் என்ற புயல் கெஃபலோனியாவையும் இதாகாவையும் புரட்டிப் போட்டது. ஆகஸ்ட் நடுவைத் தவிர்த்துவிடுங்கள். ஆகஸ்ட் 15 மேரி மாதா திருவிழா, நாடே விடுமுறையில் இருக்கும், மதியம் இரண்டு மணிக்கே கட்டுமிடம் எல்லாம் நிரம்பிவிடும்.

படகு எடுப்பதில் மூன்று வழி உண்டு. படகை மட்டும் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம். அதற்குக் கிரேக்க அதிகாரிகள் ஏற்கிற பாய்மரப் படகோட்டும் சான்றிதழ் ஒருவரிடம் இருக்க வேண்டும், கூடவே அனுபவமுள்ள இன்னொரு பெரியவரும் வேண்டும். சான்றிதழின் நகலை முன்பணம் கட்டுவதற்கு முன்பே நிறுவனத்துக்கு அனுப்பி, இது செல்லும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது வழி படகை ஓட்ட ஒரு ஸ்கிப்பர், அதாவது படகுத் தலைவர் வைத்துக்கொள்வது, சம்பளம் நாளுக்கு ஏறக்குறைய 200 யூரோ, அவருடைய சாப்பாடும் நம் பொறுப்பு. அவருக்குத் தூங்க ஓர் அறை வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு படகைத் தேர்ந்தெடுங்கள், மூன்று அறைப் படகில் நீங்கள் இரண்டு அறைக்காரர். யாருக்கும் படகோட்டத் தெரியாத குடும்பத்துக்கு இதுதான் சரி, பணம் மிச்சம் பிடிக்க இதில் கை வைக்காதீர்கள். மூன்றாவது ஃப்ளோட்டில்லா: பத்துப் படகுகள் கூட்டமாகப் போகும், முன்னால் வழிகாட்டிப் படகில் ஒரு ஸ்கிப்பரும் மெக்கானிக்கும் இருப்பார்கள், தினமும் காலையில் கூப்பிட்டு அன்றைய காற்று, பாதை, எங்கே கட்டுவது எல்லாம் சொல்லுவார்கள். சான்றிதழ் இருக்கிறது, தைரியம் இன்னும் முழுசாக வரவில்லை என்கிறவர்களுக்கு அருமையான ஏற்பாடு. குழந்தைகளுக்கும் பக்கத்துப் படகுகளில் சிநேகிதம் கிடைத்துவிடும், பயணத்தில் பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துபோகும்.

ஒற்றை உடல் படகா, இரட்டை உடல் கொண்ட கேட்டமரானா என்று எல்லோரும் கேட்பார்கள். கேட்டமரான் சாயாது, இடம் தாராளம், முன்னால் இரண்டு உடலுக்கும் நடுவே கட்டியிருக்கிற வலையில் குழந்தைகள் உருண்டு விளையாடலாம். வாடகை மிக அதிகம், சின்னத் துறைமுகங்களில் இடம் கிடைப்பதும் கஷ்டம். ஒற்றை உடல் படகு காற்றில் சாயும், முதல் நாள் பயமுறுத்தும், இரண்டாம் நாள் அந்தச் சாய்வுதான் பிடித்துப்போகும். கைக்குழந்தையோ, வயதான பெற்றோரோ வந்தால் கேட்டமரான், இல்லாவிட்டால் ஒற்றை உடலே போதும்.

வாடகைக்கு மேல் படகுக்கு ஒரு வைப்புத் தொகை கேட்பார்கள், படகைப் பொறுத்து 2000, 3000 யூரோ அல்லது அதற்கு மேலும் கார்டில் நிறுத்தி வைப்பார்கள், கார்டில் அந்த அளவு இருக்க வேண்டும். டீசல், துறைமுகக் கட்டணம், தண்ணீர், கடைசிச் சுத்தம் இவையெல்லாம் தனி. இந்திய பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முடிந்து 12 நிறையாதவர்களுக்கு 45, அதற்கும் சின்னவர்களுக்குக் கட்டணம் இல்லை. விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீடு பாய்மரப் படகில் இருக்கும்போதும் செல்லுமா என்று பாலிசியைத் திறந்து படியுங்கள், சிலவற்றில் கரையிலிருந்து இத்தனை மைல் என்று எல்லை போட்டிருப்பார்கள்.

இப்போது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். குழந்தைகளுக்கான லைஃப் ஜாக்கெட்டை வயதைச் சொல்லிக் கேட்காதீர்கள், எடையைச் சொல்லிக் கேளுங்கள், பல வாரம் முன்பே, மின்னஞ்சலில். சின்னக் குழந்தைக்குத் தலைக்குப் பின்னால் காலர் வைத்த 100 நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு) வகை வேண்டும், தண்ணீரில் குப்புற விழுந்தாலும் முகத்தை மேலே திருப்பிவிடும். படகுத்துறையிலேயே போட்டுப் பாருங்கள்: எல்லாப் பட்டையையும் இறுக்கி, இரண்டு கால்களுக்கு நடுவே போகிற பட்டையையும் மாட்டி, அப்புறம் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துக் குழந்தையை மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறிவந்தால் அது உதவாது, வேறு அளவு கேளுங்கள். சந்தேகம் இருந்தால் வீட்டிலிருந்தே நல்லது ஒன்று வாங்கிக் கொண்டுபோவது உத்தமம். படகின் ஓரக் கம்பிகளில் வலை கட்டித் தரச் சொல்லுங்கள், முன்பதிவின்போதே கேட்டால் பல நிறுவனங்கள் செய்து தருவார்கள். ஆனால் வலை இருக்கிறது என்று கண்ணை எடுக்கக் கூடாது.

விதிகள் கொஞ்சமாக இருக்கட்டும், ஆனால் பேரம் இல்லாததாக இருக்கட்டும். காக்பிட்டை, அதாவது சுக்கான் இருக்கிற, எல்லோரும் உட்காருகிற பள்ளமான இடத்தை விட்டு வெளியே கால் வைத்தால் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும். படகு ஓடும்போது முன்பக்கம் போகப் பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். ஒரு கை எப்போதும் படகைப் பிடித்திருக்க வேண்டும். துறைமுகத்தில் கட்டும்போது யாரும் காலையோ கையையோ படகுக்கும் கரைக்கும் நடுவில் நீட்டக் கூடாது, பத்து டன் படகைக் காலால் நிறுத்த முடியாது. முதல் மாலையே எல்லோரையும் உட்கார வைத்து, தண்ணீரில் யாராவது விழுந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பாருங்கள்: கத்துவது யார், விழுந்தவரை விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே இருப்பது யார், மிதவை வளையத்தை எறிவது யார். விரல் நீட்டுகிற வேலையை எட்டு வயதுக் குழந்தை பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்யும். வி.ஹெச்.எஃப் ரேடியோவில் 16வது சேனலில் கூப்பிட ஸ்கிப்பரைத் தவிர இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும், தொலைபேசியில் கிரேக்கக் கடலோரக் காவல் படையின் எண் 108, பொது அவசர எண் 112.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி வாக்கில்தான் படகு கைக்கு வரும். அன்று ஓட்ட வேண்டாம், மரினாவிலேயே தூங்குங்கள். ஒப்படைக்கிறவர் கூடவே நடந்து எல்லாவற்றையும் இயக்கிப் பாருங்கள்: நங்கூரம் இறக்கி ஏற்றும் இயந்திரம், கழிவறைப் பம்ப், அடுப்பின் கேஸ் வால்வு, தீயணைப்பான், சின்ன ரப்பர் படகின் எஞ்சின், அதை ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிற நிறுத்தக் கயிறு. ஏற்கெனவே இருக்கிற கீறல்களைப் படம் எடுத்து வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை திரும்பிவிட வேண்டும் என்பதால், ஒரு வாரம் என்பது உண்மையில் ஐந்து முழு நாளும், திரும்பி வருகிற வெள்ளியும்தான். அதில் ஒரு நாள் எங்கேயும் போகாமல் ஒரே இடத்தில் இருக்கத் திட்டம் போடுங்கள்.

ஒரு நாளைக்கு 10 முதல் 15 மைல் போதும். ஐந்து நாட் வேகத்தில் அது இரண்டு மூன்று மணி நேரம், குழந்தையின் பொறுமையும் அவ்வளவுதான். காலைச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பி, வழியில் ஒரு குடாவில் நங்கூரமிட்டு நீந்தி, சாப்பிட்டு, மூன்று மணிக்குள் கட்டிவிடுங்கள். சரோனிக்கில் இப்படிப் போகலாம்: முதலில் எகினா, கிமு 500 வாக்கில் கட்டிய அஃபையா கோயிலும் பிஸ்தா விற்கிற கடைகளும். அடுத்து பழைய எபிடாவ்ரோஸ். அந்த ஊர்க் கடற்கரையிலிருந்து நீந்திப் போகிற தூரத்திலேயே, ஆழமில்லாத தண்ணீருக்கடியில், ரோமானியர் கால வீடு ஒன்றின் சுவர்களும் வயிறு பெருத்த மண் ஜாடிகளும் கிடக்கின்றன. முகமூடி போட்டுக்கொண்டு மேலே மிதந்தபடியே பார்க்கலாம், எந்த அருங்காட்சியகமும் ஒரு குழந்தையின் முகத்தில் இப்படி ஒரு பரவசத்தைக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. கிமு 4ஆம் நூற்றாண்டின் பெரிய அரங்கத்துக்கு அங்கிருந்து டாக்ஸி உண்டு. அப்புறம் போரோஸ், இரண்டு இரவு. ஹைட்ராவில் கார் கிடையாது, சாமான் சுமப்பது கழுதைகளும் கோவேறு கழுதைகளும்தான், குழந்தைகள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஊர். ஆனால் அந்தத் துறைமுகம் சின்னது, ஒருவர் நங்கூரத்தின் மேல் இன்னொருவர் போட்டுக் காலையில் சிக்கெடுப்பதே வேலையாக இருக்கும். அதனால் எதிரே நிலப்பகுதியிலிருக்கிற எர்மியோனியில் கட்டிவிட்டு ஃபெர்ரியில் ஹைட்ரா போய்த் திரும்புவதையே சிபாரிசு செய்வேன். அயோனியனில் லெஃப்கடாவிலிருந்து மெகனிசி, கஸ்டோஸ், இதாகாவின் கியோனி, கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்டோ, சிவோட்டா வழியாகத் திரும்பலாம். 1953 நிலநடுக்கத்தில் கெஃபலோனியாவின் பெரும்பகுதி தரைமட்டமானபோது ஃபிஸ்கார்டோ மட்டும் தப்பியது, பழைய வெனிஸ் பாணி வீடுகளை அங்கேதான் பார்க்க முடியும்.

கிரேக்கத் துறைமுகங்களில் பெரும்பாலும் படகைப் பக்கவாட்டில் கட்டுவதில்லை. முன்பக்கம் நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாகவே சென்று, பின்புறத்தைக் கரையில் கட்டுவார்கள். வேடிக்கை பார்க்க உணவகம் முழுக்க ஆட்கள் இருப்பார்கள், பதற்றம் வரும், ஒருவருக்கொருவர் கத்தாமல் இருப்பதற்கு ஒரே வழி துறைமுகத்துக்குள் நுழைவதற்கு முன்பே வேலையைப் பிரித்துவிடுவது. நங்கூரத்தில் ஒருவர், சுக்கானில் ஒருவர், கயிற்றோடு ஒருவர். பெரிய குழந்தைக்கு படகு இடிபடாமல் காக்கிற காற்றடைத்த மெத்தையான ஃபெண்டர் ஒன்றைக் கையில் கொடுத்து, பக்கத்துப் படகு நெருங்குகிற இடத்தில் அதைத் தொங்கவிடச் சொல்லுங்கள். சின்னது காக்பிட்டில் உட்கார்ந்து சங்கிலி எத்தனை மீட்டர் இறங்குகிறது என்று உரக்க எண்ணட்டும்.

குடாக்களில் நங்கூரம் போடும்போது தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். கரும்பச்சையாகத் தெரிவது பொசிடோனியா என்ற கடற்புல், அதில் நங்கூரம் பிடிக்காது, புல்வெளியும் நாசமாகும், மீன்குஞ்சுகள் வளர்கிற இடம் அது. வெளிறிய மணல் திட்டில் போடுங்கள், ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது சங்கிலி விடுங்கள். பிறகு முகமூடி போட்ட ஒருவர் குதித்துப் போய்ப் பார்க்கட்டும்: நங்கூரத்தின் மூக்கு மணலுக்குள் புதைந்து, சங்கிலி தரையோடு நேராகப் படுத்திருந்தால் இரவு நிம்மதியாகத் தூங்கலாம். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் எடுத்துத் திரும்பப் போட வேண்டியதுதான். பாறை ஓரங்களில் கடல் முள்ளெலிகள் இருக்கும், ரப்பர் காலணி இல்லாமல் யாரையும் இறங்க விடாதீர்கள்.

குமட்டலுக்கு மாத்திரை கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு பயனில்லை. குழந்தைக்கு எது, எவ்வளவு என்பதை உங்கள் குழந்தை மருத்துவரிடம் முன்பே கேட்டு வையுங்கள். படகு ஓடும்போது கீழே அறைக்குள் படிப்பதும், போனைப் பார்ப்பதும் குமட்டலை வரவழைக்கும். மேலே காற்றில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், கையில் பிஸ்கட்டோ காய்ந்த ரொட்டியோ இருக்கட்டும். முகம் வெளுக்க ஆரம்பித்தால் சுக்கானைக் கையில் கொடுங்கள், கண் தானாகத் தூரத்துக்குப் போகும், பலருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

40 அடிப் படகில் தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் 300 முதல் 500 லிட்டர், ஆறு பேருக்கு அது மூன்று நாள் வந்தால் அதிகம். குளியல் கடலில், கடைசியில் உப்புப் போக ஒரு சொம்பு நல்ல தண்ணீர். பாத்திரத்தை முதலில் கடல் தண்ணீரில் தேய்த்து, கடைசி அலசலுக்கு மட்டும் தொட்டித் தண்ணீர் போதும். குடிக்கத் தனியாக பாட்டில்கள் வாங்குங்கள். கழிவறைக் குழாய் மிகவும் ஒடுக்கம், காகிதம் ஒரு துண்டுகூட உள்ளே போகக் கூடாது, கூடையில்தான் போட வேண்டும், கரையிலும் பல இடங்களில் இதே வழக்கம். இதைக் குழந்தைகளுக்குத் தினமும் காலையில் ஒருமுறை சொல்லுங்கள், அடைத்துக்கொண்டால் அந்த நாளே போய்விடும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். காலையும் மதியமும் படகில், இரவு கரையிலிருக்கிற தவெர்னா என்கிற உணவகத்தில் என்பதுதான் வசதி. சைவம் சாப்பிடுகிறவர்கள்கூடத் தாராளமாகச் சமாளிக்கலாம்: தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய அவரைக் கொட்டை கிகாண்டெஸ், மஞ்சள் பருப்பை மசித்த ஃபாவா, அரிசி அடைத்துச் சுட்ட தக்காளியும் குடைமிளகாயும் கெமிஸ்டா, சிலர் இதில் கறியும் சேர்ப்பார்கள் என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். பேக்கரியில் காலையில் சூடாகக் கிடைக்கிற கீரைப் பை ஸ்பனகோபிட்டாவை இரண்டு கூடுதலாக வாங்கி வைத்தால் பதினொரு மணிப் பசிக்கு ஆகும்.

சக்கரம் வைத்த பெட்டி கொண்டுபோகாதீர்கள், படகில் வைக்க இடமே இருக்காது, மடிக்கிற துணிப்பைதான் வேண்டும். முழுக்கை நீச்சல் சட்டை, கயிறு வைத்த தொப்பி, ஆளுக்கொரு டார்ச், மாலைக் காற்றுக்கு ஒரு மெல்லிய ஜாக்கெட். வானிலையைத் தினமும் காலையும் மாலையும் பாருங்கள், கிரேக்கக் கடல் ஆய்வு மையம் நடத்துகிற பொசெய்டன் இணையதளம் நம்பகமானது. காற்றின் வேகத்தைச் சொல்கிற பியூஃபோர்ட் அளவுகோலில் 6 என்று போட்டிருந்தால் குடும்பத்தோடு வெளியே போகாதீர்கள், ஸ்கிப்பர் போகலாம் என்றாலும் குழந்தைகளோடு வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மரினாவை நெருங்கிவிடுங்கள், டீசல் நிரப்புகிற இடத்தில் மாலையில் நீண்ட வரிசை நிற்கும். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், வைப்புத் தொகையை விடுவிக்கும்போது கேட்பார்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் இறங்க வேண்டும், அன்று மதிய விமானத்தைப் பிடிக்க ஓடாமல் ஏதென்ஸில் ஓர் இரவு தங்கி ஞாயிறு கிளம்புகிற மாதிரி டிக்கெட் போடுங்கள்.